ஏரியில் கம்பூசியா விடலாமா?

கேள்வி: அம்மா, எங்கள் ஏரியில் நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் சின்ன மீன் நிறைய உண்டு. கொசுவை ஒழிக்க கம்பூசியா மீன் வாங்கி விடலாம் என்று ஊரில் பேசுகிறார்கள். விட்டால் இந்த மீன் என்ன ஆகும்? இதன் மரபணுவை ஆராய்வதால் என்ன பயன்?
— வாசகர், பள்ளிகொண்டா

பதில்: விட வேண்டாம் தம்பி. பெரியவர்களிடம் இன்றைக்கே பேசுங்கள்.

நீங்கள் பார்த்தது முண்டக்கண்ணி. தட்டைத் தலை, மேல்நோக்கிய வாய். தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டியே நிற்கும். கொசுப்புழு அதற்கு அன்றாடச் சாப்பாடு. கையில் இருக்கும் காவல்காரனை விட்டுவிட்டு வெளியே ஏன் தேட வேண்டும்?

கம்பூசியா வட அமெரிக்க மீன். 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. குட்டி போடும் இனம் என்பதால், சினையாக ஒரே ஒரு பெண் மீன் இருந்தாலும் ஏரி நிறைந்துவிடும். முண்டக்கண்ணியோ பாசியிலும் வேரிலும் சில முட்டைகளாக ஒட்டிவைக்கிறது. அவற்றையும் குஞ்சுகளையும் கம்பூசியா தின்றுவிடும். உங்கள் ஏரியோடும் அது நிற்காது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததே, அப்படி ஒரு மழையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனால் அடுத்த ஏரிக்கும் போய்விடும்.

மரபணு ஆய்வும் இந்தக் கோடித் தண்ணீரைப் பற்றியதுதான். வால் துடுப்பில் கடுகளவு கத்தரித்து எத்தனாலில் போட்டுக்கொண்டு மீனைத் திரும்ப விட்டுவிடலாம், துடுப்பு வளர்ந்துவிடும். தாய்வழியாக மட்டும் வரும் டிஎன்ஏவில் ஒரு மரபணுவின் 650 எழுத்துகளைப் படித்தாலே, இது எந்த இனம் என்று பெரும்பாலும் பிடிபடும். இன்னும் சில மரபணுக்களைச் சேர்த்துப் படித்தால், ஒன்றின் கோடித் தண்ணீர் அடுத்ததற்குப் போகும் சங்கிலி ஏரிகளின் மீன்கள் எவ்வளவு கலந்திருக்கின்றன, ஜவ்வாதுமலை ஓடையில் ஒதுங்கியவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்று தெரியும். ஓர் ஏரியில் மீன் அற்றுப்போனால் எங்கிருந்து கொண்டுவந்து விடுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் பாடம் நடத்திய காலத்தில் பாலாற்று மீன்களை ஃபார்மலினில் போட்டுவைப்போம். செதில் கலையாமல் இன்றும் இருக்கின்றன. உள்ளே டிஎன்ஏ சிதைந்துவிட்டது. அந்தக் கண்ணாடிக் குடுவைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருந்தால் உங்கள் ஏரி மீனிலேயே நாலைந்து பிடித்து விடுங்கள். ஏரியைத் தூர்வாரும்போது மதகையொட்டிய பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீரும் கோரையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் முண்டக்கண்ணி அங்கேதான் ஒதுங்கும்.