பிப்ரவரி ஒன்று யாருடைய நாள்?

ஐயா,

இந்த ஆண்டு நம் மொரீஷியஸில் தைப்பூசமும் அடிமை ஒழிப்பு நாளும் பிப்ரவரி 1 அன்று ஒன்றாக வந்துவிட்டன. காவடி இறக்கிவிட்டு வீடு திரும்பினால், மகள் அடிமை ஒழிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். அது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கிரியோல் மக்களின் நாள். நாம் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தவர்கள். நமக்கென்று, ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாளான நவம்பர் 2 இருக்கிறதே, இரண்டையும் ஏன் போட்டுக் குழப்ப வேண்டும்?

ஒரு வாசகர், காத்ர் போர்ன்

அன்புள்ள நண்பருக்கு,

காவடி நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இரண்டு விடுமுறைகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை விழுங்கிவிட்டதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

சரி, நீங்கள் சொன்ன தேதிகளுக்கு வருவோம். அட்லஸ் கப்பல் 36 கூலிகளோடு போர்ட் லூயிக்கு வந்தது 1834 நவம்பர் 2. (அவர்கள் தமிழர்கள்கூட இல்லை, கல்கத்தாவில் ஏற்றப்பட்ட மலைவாழ் மக்கள்.) இங்கே அடிமைமுறை ஒழிந்தது 1835 பிப்ரவரி 1. இடையில் மூன்றே மாதம். அடிமைகளை விடுவிக்க 1833லேயே சட்டம் வந்துவிட்டது. விடுதலையானவன் 'இவ்வளவு கொடுத்தால்தான் கரும்பு வெட்டுவேன்' என்று பேரம் பேசுவான் அல்லவா? பேரத்தை உடைக்க ஆள் தேவைப்பட்டது. மாதம் ஐந்து ரூபாய்க்கு வந்த அந்த ஆள் நாம்தான்.

இதில் எனக்கு ஆறாதது நஷ்டஈட்டுக் கணக்கு. இந்தத் தீவின் 60,000க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக பிரிட்டிஷ் அரசு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தது. அத்தனையும் எஜமானர்களுக்கு. விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. அதோடு, 'தொழில் பழகுபவர்' என்று புதுப் பெயர் சூட்டி 1839 வரை அதே எஜமானிடம் வேலை வாங்கினார்கள்.

அப்புறம், நம்மவர் யாரும் அடிமையாக வரவில்லை என்பதும் சரியல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் சுதந்திரமாக வந்தவர்கள் உண்டு. அதே கடற்கரையிலிருந்து விலைக்கு வாங்கி ஏற்றி வரப்பட்டவர்களும் உண்டு.

அதற்காக 'நாமும் அடிமைகள்தான்' என்று சொல்லிக்கொள்வதும் எனக்குப் பிடிக்காது. கிரியோல் நண்பர் ஒருவர் தன் முன்னோரைத் தேடி எடுத்த அடிமைப் பதிவேட்டு நகலை ஒருநாள் காட்டினார். ஒற்றைப் பெயர், வயது, உயரம், நிறம், உடம்பிலுள்ள தழும்பு. சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல. நானும் மோக்கா ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கி வைத்திருந்த பூட்டனின் ஆவணத்தை எடுத்து வந்தேன். அதிலும் வயது, உயரம், தழும்பு, கூடவே ஒரு எண். நம்மையும் இப்படித்தான் எழுதினார்கள் என்று காட்டுகிற நினைப்பு எனக்கு. அவர் அந்த ஆவணத்தின் ஒரு கட்டத்தில் விரலை வைத்து, "உங்கள் ஆளுக்கு அப்பா பெயர் இருக்கிறதே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள், ஒப்பந்தம் முடிந்த பழைய கூலிகளைப் படம் ஒட்டிய பாஸோடு அலையவிட்டார்கள், எல்லாம் உண்மை. ஆனால் பூட்டனின் பிள்ளை பூட்டனுக்குத்தான் பிள்ளை. அடிமைப் பெண் பெற்ற பிள்ளை எஜமானின் சொத்துக் கணக்கில் ஏறியது.

மகள் கட்டுரையை இன்னும் முடிக்கவில்லையென்றால், அந்த நஷ்டஈட்டுத் தொகையை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். யாருக்குக் கொடுத்தார்கள் என்று அவளே கேட்பாள்.