தம்பி குடும்பத்தோடு காடும் கடலும் பார்க்கக் காப்பை அடைவு வைக்கலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆசிரியை. கணவருக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் 4 ஏக்கர் வயல். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 11. கனடாவில் இருக்கும் தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் ஓகஸ்டில் வருகிறார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து சிங்கராஜாவில் காடு நடந்து, கித்துல்கலையில் ஆற்றில் படகு விட்டு, மிரிஸ்ஸவில் கடல் குளித்து 6 இரவு தங்கிவர ஆசை. பயண முகவர் ஒருவர் மொத்தம் 600,000 ரூபா சொல்கிறார். எங்கள் பங்கு 300,000. சம்பளம் கைக்கு 65,000 ரூபா வருகிறது. இறுக்கிப் பிடித்தால் மாதம் 15,000 மிச்சம் பிடிக்கலாம். காலபோக நெல் விற்ற காசில் 180,000 சேமிப்பில் இருக்கிறது, அதில் 160,000 ஒக்டோபர் விதைப்புக்கு வேண்டும். மகளின் படிப்புக்கென 400,000 நிலையான வைப்பில் போட்டிருக்கிறோம். அரச ஊழியருக்கான இடர்கடன் எடுப்பதா, காப்பை அடைவு வைப்பதா, வைப்பை உடைப்பதா? எதில் நட்டம் குறைவு?

பதில்: மூன்றையும் தொட வேண்டாம். ஆனால் இந்தப் பயணத்தைக் கட்டாயம் போய் வாருங்கள். உங்கள் பிள்ளைகளும் தம்பியின் பிள்ளைகளும் ஒன்றாகக் காட்டில் நடப்பதற்கு இன்னொரு வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? காசு மிச்சம் பிடிப்பதற்காக அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மாற்ற வேண்டியது பயணத்தின் அளவையும் போகும் இடத்தையும் செலவைப் பிரிக்கும் விதத்தையும்தான்.

முதலில் நீங்கள் கேட்ட மூன்றையும் பார்ப்போம். இடர்கடனுக்கு வட்டி குறைவு என்பது உண்மை. வங்கியில் வாங்கும் எந்தக் கடனும் அதற்குக் கிட்ட வராது. அதனால்தான் அதை வீணாக்கக் கூடாது என்கிறேன். ஓகஸ்டில் அதை எடுத்து உல்லாசப் பயணம் போய்விட்டால், ஒக்டோபருக்குப் பிறகு உண்மையான இடர் வரும்போது அந்தக் கதவு அடைபட்டிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் வன்னியில் எத்தனை வயல்கள் மூழ்கின என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு வாரத்துக்காக வைத்திருக்க வேண்டிய கடன் இது. தவணை சம்பளத்தில் கழிபடும் என்பதால் மாதம் மிச்சம் பிடிக்கும் அந்த 15,000மும் வருடக்கணக்கில் சுருங்கிப்போகும்.

காப்பு விடயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். தங்கத்தின் விலை ஏறிக் கிடப்பதால் ஒரு பவுணுக்கு இப்போது கை நிறையக் கொடுக்கிறார்கள். கொடுக்கும் தொகை கூடக்கூட வட்டியும் கூடுகிறது என்பது அடைவுச் சீட்டை மடித்து வைக்கும்போது மனதில் நிற்பதில்லை. சரி, எப்போது மீட்பீர்கள்? சிறுபோக நெல் விற்றதும் என்பீர்கள். அந்தக் காசு காப்புக்குப் போனால் ஒக்டோபரில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் கை இடிக்கும். உடனே 160,000இல் ஓட்டை விழும். பசளையைக் கடையில் கடனுக்கு எடுப்பீர்கள். கடனுக்குப் பசளை கொடுத்தவர் பெப்ரவரியில் வெட்டு மெசின் வயலில் இறங்கும்போதே வரம்பில் வந்து நிற்பார். காயவைத்து விலை பார்த்து விற்க வேண்டிய நெல்லை ஈரத்தோடு அவர் சொன்ன விலைக்கு அளந்து கொடுக்க வேண்டிவரும். ஓகஸ்டில் கடற்கரையில் செலவழித்த காசுக்கு அடுத்த பெப்ரவரியில் நெல்லின் விலையில் வட்டி கட்டுவீர்கள். அது எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. அடைவுக் கடை கேட்கும் வட்டி வீதத்தை மட்டும் பார்த்து இது மலிவு, அது விலை என்று ஒப்பிடுவது அதனால்தான் பிழையான கணக்கு.

வைப்பு மகளுடையது. அவள் உயர்தரம் எழுத இன்னும் சில வருடங்கள்தான். முதிர்வுக்கு முன் உடைத்தால் ஒப்புக்கொண்ட வட்டியும் முழுதாகக் கிடைக்காது. அதோடு ஒன்று கேட்கிறேன்: வைப்பு வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் வரி பிடிக்கிறார்கள், உங்களுக்கும் பிடிபடுகிறதா? ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அந்தப் பிடிப்பு நிற்கும். வைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் இந்தக் கிழமையே வங்கிக்குப் போய் வரட்டும். பயணத்துக்குச் சம்பந்தமில்லாத விடயம்தான், ஆனால் காசு காசுதானே.

அப்படியானால் பயணத்துக்கு உங்களிடம் என்ன இருக்கிறது? சேமிப்பில் விதைப்புக் காசு போக 20,000. மார்ச்சிலிருந்து ஜூலை வரை ஐந்து மாதம் 15,000 வீதம் 75,000. ஆக 95,000 ரூபா. இதுதான் உங்கள் பயணத்தின் அளவு. இதற்குள் நிறையச் செய்யலாம்.

இனி இடம். முகவர் ஓகஸ்டில் மிரிஸ்ஸவைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் காலி, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். பிள்ளைகளை இறக்க முடியாத நாட்களே அதிகம். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் காலமும் நவம்பர் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். கடலைப் பார்த்துக்கொண்டு அறையில் இருக்க எதற்குக் காசு? அதே மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும். நிலாவெளிக்குப் போங்கள். திருகோணமலைதானே, அது எங்களுக்குப் புதிதா என்று மகள் முகம் சுளிக்கக்கூடும். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது, 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கண்ணாடி மாட்டி நீரில் முகத்தைக் கவிழ்த்துப் பவளப்பாறைகளுக்கு மேலே ஒரு முறை மிதக்கட்டும், பிறகு கரைக்கு வர மாட்டாள். வன்னிக்கு அருகில் என்பதால் வாகனச் செலவும் பெரிதாகக் குறையும்.

காட்டுக்கு சிங்கராஜா, கித்துல்கல இரண்டும் வேண்டாம், ஒன்று போதும். சிங்கராஜா 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. அதன் பெருமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஒரு நாள், கித்துல்கலையில் ஒரு நாள் என்று பிரித்தால் இடையில் வானுக்கும் இன்னொரு அறைக்கும் காசு போகும், பிள்ளைகள் வாந்தியெடுப்பதும் மிச்சம். கித்துல்கலையில் களனி ஆற்றைத் தாண்டினால் மக்கந்தாவ என்ற மழைக்காடு அங்கேயே இருக்கிறது. காலையில் காடு, அன்று பின்னேரம் ஆற்றில் ரப்பர் படகு. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே அறையில் இருந்துகொண்டே. வன்னிப் பிள்ளைகள் காடு பார்த்தவர்கள்தான். ஆனால் பாலையும் முதிரையும் நிற்கும் எங்கள் காடு ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழையில் வளர்வது. அங்கே 2500க்கும் மேல் பெய்யும். ஈரமும் இருளும் அட்டையுமாக அது வேறொரு உலகம். ஓகஸ்டிலும் மழை வரும், எந்த நேரமும் வரலாம்; நடையைக் காலையிலேயே தொடங்கினால் மழைக்கு ஒதுங்கி நிற்கவும் நேரம் இருக்கும்.

ஆக, கித்துல்கலையில் இரண்டு இரவு, திரும்பும் வழியில் நிலாவெளியில் இரண்டு இரவு. இடையில் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக ஒரு முழு நாள் ஓட்டம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆறு இரவு நான்காகிறது. திங்கள் புறப்பட்டு வெள்ளி வீட்டுக்கு வந்தால் வார இறுதிக் கூட்டமும் இல்லை. போயா தினத்தோடு வரும் நீண்ட விடுமுறையைத் தவிருங்கள். நல்லூர்த் திருவிழாவுக்குத் தம்பி நிற்பதாக இருந்தால் அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம் உங்கள் வயல். சிறுபோகம் விதைத்தால் ஓகஸ்ட் கடைசியில் வெட்டு வரும். கணவர் எந்தக் கிழமை வயலை விட்டு வரலாம் என்று சொன்ன பிறகே திகதி போடுங்கள்.

அடுத்தது பங்கு. பாதிக்குப் பாதி என்பது நேர்மையாகத் தோன்றினாலும் இந்தப் பயணத்தில் அது பொருந்தாது. நுழைவுச்சீட்டு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலை; புறாத்தீவில் அந்த வித்தியாசம் பெரியது. அவர்கள் கேட்கும் அறை வேறு, உங்களுக்குப் போதுமான அறை வேறு. எல்லாவற்றையும் ஒரு குவியலாகக் கூட்டி இரண்டாகப் பிரித்தால், ஆசிரியைச் சம்பளத்தில் கனடாக்காரரின் சீட்டுக்குப் பாதி கட்டுகிறீர்கள். ஆகவே காசை விட்டுவிட்டுப் பொறுப்பைப் பிரியுங்கள். வானும் அறைகளும் தம்பிக்கு. அவர்கள் கட்டுநாயக்கவில் இறங்கிய நாளிலிருந்தே ஒரு வான் வேண்டித்தான் இருக்கும். எட்டுப் பேரின் சாப்பாடும் உங்கள் நால்வரின் சீட்டுகளும் உங்களுக்கு. ஒரு உத்தேசத்துக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,500 ரூபா என்று வைத்தால் எட்டுப் பேருக்கு ஐந்து நாளில் 60,000. மிச்சம் 35,000இல் படகு, காட்டு வழிகாட்டி, புறாத்தீவு. முதல் நாள் மதியத்துக்கு வீட்டிலிருந்தே சோற்றுப் பார்சல் கட்டி, சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்தால் அந்த 60,000மும் முழுதாகப் போகாது. நெல் உங்களுடையது, கை மணம் உங்களுடையது. தம்பி குடும்பம் எந்த ஹோட்டல் சாப்பாட்டை விடவும் அதைத்தான் தேடி வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவன் விமானச்சீட்டுப் போடும் முன்னரே தொலைபேசியில் பேசுங்கள்: “தம்பி, எங்களால் 95,000 தான் முடியும், சாப்பாடு முழுக்க நான் பார்க்கிறேன்.” அங்கே அவனுக்கும் வீட்டுக் கடனும் கார்த் தவணையும் இருக்கும். முன்பே தெரிந்தால் அவனும் திட்டமிடுவான். போன இடத்தில் பில் வந்தபின் முகத்தைப் பார்ப்பதுதான் அக்கா தம்பிக்குள் மனக்கசப்பை வைக்கும்.

அறையைத் தம்பி இணையத்தில் டொலரில் பிடிக்கும் முன் நீங்கள் நேரே அழைத்து உள்ளூர் விலை கேளுங்கள். சொல்லும் விலையில் சேவைக் கட்டணமும் வற் வரியும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். 15,000 என்று சொன்ன அறை 10 வீதச் சேவைக் கட்டணத்தோடு 16,500 ஆகி, அதன்மேல் 18 வீத வற் விழுந்து 19,470இல் நிற்கும். சின்ன விடுதிகள் பலவற்றில் இந்த இரண்டும் இருக்காது.

ஒரு இடத்தில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்: ஆற்றுப் படகு. பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் இருக்கிறதா, உங்கள் மகனின் வயதுக்கு ஏற்றுவார்களா, ஆறு பெருகிப் படகு விடாவிட்டால் முற்பணம் திரும்புமா என்று கேட்டு, தெளிவாகப் பதில் சொல்பவரிடமே போங்கள். ஆளுக்குச் சில நூறு கூடினாலும் கொடுங்கள்.

கடனட்டையில் போட்டுப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு யோசனை இடையில் வரக்கூடும். மாத முடிவில் முழுதாகக் கட்ட முடியாவிட்டால் ஆண்டுக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி, அட்டையில் காசாக எடுத்தால் எடுத்த அன்றே வட்டி தொடங்கும். பலர் சேர்ந்து மாதாமாதம் காசு போடும் சீட்டுப் பிடிக்கிறீர்கள் என்றால், முன்கூட்டிக் கழித்து எடுக்கவும் வேண்டாம். கழிவாக விட்டுக்கொடுக்கும் காசும் வட்டிதான்.

15,000ஐச் சம்பளம் விழும் அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். விதைப்புக் காசு இருக்கும் கணக்கில் பயணக் காசைக் கலக்க வேண்டாம். கலந்தால் எது எது என்று ஜூலையில் தெரியாது.

பிள்ளைகளுக்குத் தெற்குக் கடலும் வேண்டும் என்றால் அது அடுத்த வருடம், காலபோக நெல் விற்ற பிறகு, ஏப்ரல் விடுமுறையில் புதுவருடக் கூட்டம் கலைந்ததும். அப்போது அந்தக் கடலும் நல்ல கடல், கையிலும் காசு இருக்கும். நீங்கள் அரச ஊழியர், குடும்பத்துக்கு விடுமுறை ரயில் வொறன்ட் (காசு கட்டாமல் ரயிலில் போகும் அனுமதி) இருக்கிறது. பலர் அதை எடுப்பதே இல்லை. கிளிநொச்சியில் ஏறிக் கோட்டையில் இறங்கி, கரையோர ரயிலில் காலி, வெலிகம, மாத்தறை வரை அதிலேயே போகலாம். முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும், வொறன்டை அதற்கு முன்பே பாடசாலையில் எழுதி வாங்கி வையுங்கள்.