மக்களவையில் இருந்த எம்.பி. மாநிலங்களவைக்குப் போய்விட்டார். பழைய முறைகேடு பற்றி எங்கே புகார் செய்வது?

முதலில் தேதியைப் பாருங்கள். மக்களவையில் உட்கார்ந்திருப்பவர் மாநிலங்களவைக்குத் தேர்வானால், தேர்வான அன்றே பழைய இடம் காலி. ராஜினாமாக் கடிதம்கூட வேண்டாம். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 69ஆம் பிரிவு அப்படி. அதன்பின் மக்களவை அவரை இடைநீக்கம் செய்யவோ வெளியேற்றவோ முடியாது, பறிக்க அங்கே பதவியே இல்லையே. பாதியில் நிற்கும் விசாரணைக் கோப்பு தானாக அடுத்த அவைக்குப் போய்ச் சேரும் என்றும் காத்திருக்காதீர்கள்.

1954இல் மக்களவை உறுப்பினர் என்.சி. சட்டர்ஜி மாநிலங்களவையை விமர்சித்துப் பேசிய விவகாரத்துக்குப் பிறகு இரு அவைகளும் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சிலர் இதற்கு மேற்கோள் காட்டுவார்கள். அது வேறு. ஓர் அவையின் உறுப்பினர் மற்ற அவையின் சிறப்புரிமையை மீறினால், விஷயத்தை அவருடைய சொந்த அவைக்கு அனுப்ப வேண்டும் என்பதே அது. தன் உறுப்பினரைத் தானே விசாரிப்பதில் இரு அவைகளும் பிடிவாதமானவை. 2005இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில்கூட மக்களவை 10 பேரையும் மாநிலங்களவை ஒருவரையும் தனித்தனியாக விசாரித்துத்தான் வெளியேற்றின.

ஆகவே உறுப்பினர்களின் நடத்தையை விசாரிக்கும் மாநிலங்களவை நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் நேரடியாக எழுதலாம். பெயர், முகவரி, ஆதாரம் மூன்றும் இருக்க வேண்டும், மொழி நிதானமாக இருக்க வேண்டும். பெயரை ரகசியமாக வைக்கக் காரணம் சொல்லிக் கேட்கலாம். பத்திரிகைச் செய்தியை மட்டும் இணைத்தால் எடுக்க மாட்டார்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தையும் தொட மாட்டார்கள்.

பெரும்பாலான புகார்கள் சறுக்குவது இங்கேதான்: மக்களவைக் காலத்துச் செயலை மட்டும் எழுதிவிடுகிறார்கள். 'அது எங்கள் அவையில் நடந்ததல்ல' என்று குழு எளிதாகக் கைகழுவிவிடலாம். அதைவிட, புதிய அவையில் அவர் என்ன அறிவித்தார் என்று பாருங்கள். மாநிலங்களவை உறுப்பினர் பதவியேற்ற 90 நாட்களுக்குள் நலன் பதிவேட்டுக்கு, அதாவது உறுப்பினர்களின் பணம் சார்ந்த நலன்களைப் பதியும் ஏட்டுக்கு, விவரம் தர வேண்டும்: ஊதியம் தரும் இயக்குநர் பதவி, முறையான ஊதியப் பணி, கட்டுப்படுத்தும் அளவிலான பங்கு, கட்டண ஆலோசனை, தொழில்முறை ஈடுபாடு. பழைய முறைகேட்டில் சம்பந்தப்பட்ட நிறுவனத்துடன் இப்படியொரு தொடர்பு இன்றும் இருந்து, பதிவேட்டில் இல்லையென்றால் அதுவே இந்த அவையில் நடந்த புதிய தவறு. பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். புகாரை இதிலிருந்து தொடங்கி, பழையதைப் பின்னணியாக வையுங்கள்.

லஞ்சம் என்றால் அவையை நம்பிக் காத்திருக்க வேண்டாம், ஊழல் புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பான லோக்பாலுக்குப் போங்கள். 'எம்.பி.யாக இருப்பவர் அல்லது இருந்தவர்' இருவருமே அதன் வரம்புக்குள் வருவதால் அவை மாறியது பிரச்சினையே இல்லை. சம்பவம் நடந்து 7 ஆண்டுகளுக்குள் புகார் போக வேண்டும், பிரமாணப் பத்திரத்துடன். அவையில் பேசியதும் வாக்களித்ததும் லோக்பால் வரம்பில் வராது. தெரிந்தே பொய்ப் புகார் தந்தால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எதிர்த் திசையில், மாநிலங்களவையிலிருந்து மக்களவைக்குப் போனவர் என்றால் ஒரு படி கூடுதல். அங்கே பொதுமக்கள் புகாரை ஒரு மக்களவை எம்.பி. வழியாகத்தான் தர முடியும்; பொய்யானதோ அற்பமானதோ அல்ல என்ற பிரமாணப் பத்திரமும் வேண்டும். கையெழுத்திட ஓர் எம்.பி.யைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. மற்றக் கட்சிக்காரரைத் தேடினால் கொஞ்சம் சீக்கிரம் கிடைப்பார்.