தெருவிளக்கு எந்த அரசின் வேலை? அரசியல் சட்டக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆளுநரைப் பற்றியவை. பத்துப் பேர் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் ஒன்றுதான். மீதிப் பேர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

‘ஒன்றிய அரசு’, ‘மத்திய அரசு’ இரண்டில் எது சரி?

இரண்டும் சரி. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 1897-ம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டமோ ‘மத்திய அரசு’ என்ற சொல்லுக்கே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. இந்தியா ஒரு கூட்டாட்சி நாடு என்று அரசியல் சட்டத்தில் எங்கும் எழுதியில்லை. ஆனால் கூட்டாட்சி அதன் அடிப்படைக் கூறு என்று 1994-ல், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொல்லுக்காகச் சண்டை போடுகிற நேரத்தில், அதிகாரங்களை ஒன்றியம், மாநிலம், பொது என்று மூன்று பட்டியலாகப் பிரிக்கும் ஏழாவது அட்டவணையை ஒரு தடவை படித்துவிடலாம்.

கல்வி மாநிலப் பட்டியலில்தானே இருக்கிறது? அப்புறம் நீட் எப்படி வந்தது?

இருந்தது, இப்போது இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-வது திருத்தம் ஐந்து விஷயங்களை மாநிலப் பட்டியலிலிருந்து இரு அரசுகளும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. கல்வி, காடு, எடை அளவை, வன விலங்கு பறவைப் பாதுகாப்பு, கீழ் நீதிமன்றங்களின் அமைப்பு ஆகியவை அந்த ஐந்து. நெருக்கடி நிலை முடிந்த பிறகு 44-வது திருத்தம் பலவற்றைப் பழையபடி ஆக்கியது, கல்வியைத் தொடவில்லை. இன்னொன்றையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் 1950-லிருந்தே ஒன்றியப் பட்டியலில், 66-வது பதிவில் இருக்கிறது. எனவே 1976-க்கு முன்பு கல்வி முழுவதும் நம் கையில் இருந்தது என்று மேடையில் முழங்குவதும் பாதி உண்மைதான்.

பொதுப் பட்டியலில் இரண்டு சட்டங்கள் மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துவிட்டால் அந்த மாநிலத்துக்குள் அது நிற்கும். 2017-ல் ஜல்லிக்கட்டுச் சட்டம் இந்த வழியில்தான் தப்பித்தது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நீட் விலக்கு மசோதாவும் இதே கதவைத்தான் தட்டியது, கதவு திறக்கவில்லை. எதைப் பற்றிக் கேட்பதானாலும் அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இதை நான் எழுதுவது எத்தனையாவது தடவை என்று எனக்கே கணக்கில்லை.

சட்டமன்றத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதே, ஏன் இன்னும் அமலுக்கு வரவில்லை?

தீர்மானம் சட்டமல்ல. சபையின் கருத்து, அவ்வளவுதான்.

எம்.எல்.ஏ. ஆகாதவர் அமைச்சராகலாமா?

ஆகலாம். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். முதலமைச்சருக்கும் இதே விதிதான்.

ஆளுநர் ஒரு மசோதாவை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

200-வது பிரிவில் நாள் கணக்கு இல்லை. ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். பண மசோதா அல்லாததை நிறுத்தி வைத்தால் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். சட்டமன்றம் அதை மறுபடி நிறைவேற்றிவிட்டால் ஒப்புதலை நிறுத்தி வைக்க முடியாது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு தொடுத்த வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு காலக்கெடு விதித்து, பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் தந்ததாகக் கருதுவது’ என்பதும் கிடையாது என்றது. காரணமே சொல்லாமல் நெடுங்காலம் வைத்திருந்தால் ‘முடிவெடுங்கள்’ என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். ஏப்ரல் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் நவம்பர் தாளையும் தேடி எடுங்கள்.

எங்கள் தெருவில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை. இது மத்திய அரசின் வேலையா, மாநில அரசின் வேலையா? எம்.பி.க்கு எழுதியும் பதில் இல்லை.

எம்.பி. பாவம், அவர் என்ன செய்வார்? ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவாரா? நீங்கள் சொன்ன இருவருமே இதற்குப் பொறுப்பில்லை. இது உள்ளாட்சியின் வேலை. நகரமென்றால் பன்னிரண்டாவது அட்டவணையிலேயே தெருவிளக்கு என்று எழுதியிருக்கிறது. கிராமமென்றால் 1994-ம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை. நீங்கள் எந்த ஊர் என்றுகூட எழுதவில்லை. அப்படி எழுதினால் நான் யாரை நோக்கிக் கை காட்டுவது?

உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ‘அரசு’ என்றால் தில்லியும் சென்னையும்தான் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். 1992-ல் நிறைவேறிய 73, 74-வது திருத்தங்கள் மூன்றாவது அடுக்கு ஒன்றை அரசியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தன. ஊராட்சிகளுக்கு 29 விஷயங்கள், நகராட்சிகளுக்கு 18 என்று அட்டவணையும் போட்டார்கள். ஆனால் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டது. அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் வழங்க‘லாம்’ என்றுதான் இருக்கிறது. அந்த ‘லாம்’ என்ற வாலைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள்.

தேர்தல் விஷயத்தில் ‘லாம்’ கிடையாது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்தாக வேண்டும் என்கிறது 243E பிரிவு. தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல், மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். அந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது 2016-ல் போலவே மறுபடியும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். வந்த கட்சி, போன கட்சி என்ற பேதமே இதில் இல்லை. மாநிலத்தின் உரிமையைத் தில்லி பறிக்கிறது என்று கொதிப்பவர்கள் ஊராட்சியின் உரிமை என்றால் ஏன் அப்படி அமைதியாகிவிடுகிறார்கள் என்று நானும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

முதல் முறை தனி அலுவலர்கள் இருந்த காலத்தில் எங்கள் ஊரில் ஒரு கிராம சபை. நாங்கள் மந்தைக்குப் போவதற்கு முன்பே வருகை நோட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் வண்டியை அணைக்கவில்லை, இருக்கை மேலேயே நோட்டை விரித்து, “இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார்” என்றார். முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். அறுபது, எழுபது கையெழுத்து இருந்தது. தீர்மானம் எழுதவேண்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது. “தீர்மானம் எங்கப்பா?” என்றேன். “அது அப்புறம் எழுதிப்பாங்க சார்.” நான் கையெழுத்துப் போடவில்லை. என்னால் ஒரு கையெழுத்து குறைந்ததே தவிர, வேறெதுவும் நடந்துவிடவில்லை.

சரி, உங்கள் விளக்குக்கு வருவோம். கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகரமென்றால் வார்டு உறுப்பினரிடமும் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராமமென்றால் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் எழுந்து கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வெள்ளைப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாநிலத்தைப் பிரிக்க அந்த மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டாமா?

வேண்டாம். மூன்றாவது பிரிவின்படி கருத்துக் கேட்டால் போதும், அந்தக் கருத்துப்படி நடக்க வேண்டிய கட்டாயமில்லை. 2014-ல் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, ஜூன் 2-ல் தெலங்கானா பிறந்தது. அமெரிக்காவில் இது நடக்காது, அங்கே மாநிலத்தின் ஒப்புதல் கட்டாயம்.

பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர யார் தடை?

கிட்டத்தட்ட எல்லோருமே. எந்தத் தேதியிலிருந்து கொண்டுவருவது என்று ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைக்க வேண்டும். அங்கே ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு தேவை. ஒன்றியம் வேண்டாமென்றால் நடக்காது, மாநிலங்களில் பாதி வேண்டாமென்றாலும் நடக்காது. இரு தரப்புக்கும் பெட்ரோல் வரி கறவை மாடு, யார் விடுவார்கள்?

ஜனாதிபதி ஆட்சி வந்தால் உயர் நீதிமன்றமும் மூடப்படுமா?

இல்லை. 356-வது பிரிவே உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தில் கை வைக்கக் கூடாது என்கிறது. தமிழ்நாடு 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை பார்த்துவிட்டது. நான்கு முறையும் வாய்தா வழக்கம்போல் கிடைத்தது.