கிளினிக் கொப்பியில் 'செனைல் கட்டராக்ட்' என்று எழுதினால் புத்தி தடுமாறிவிட்டது என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், உங்கள் அப்பாயியின் புத்திக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் கிடையாது. வயதானதால் வந்த கண்புரை, அவ்வளவுதான்.

லத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் முதியவர். அதிலிருந்து வந்த 'செனிலிஸ்' முதுமைக்குரியது என்று பொருள்படும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் 'செனைல்' அதையேதான் குறித்தது. மறதி, தடுமாற்றம் என்ற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. இன்று பேச்சில் அதுவே முந்திக்கொண்டு வசவாகிவிட்டது. ரோமின் மூத்தோர் சபையான 'செனட்', நாம் தினமும் சொல்லும் 'சீனியர்' இரண்டுக்கும் வேர் இதே 'செனெக்ஸ்'தான். ஒரே வேரில் இவற்றுக்கு மரியாதை, 'செனைலு'க்கு மட்டும் இழிவு. எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். மருத்துவத்தில் பழைய பொருள் இன்னும் புழங்குகிறது, ஆனாலும் இப்போது பலர் 'வயது சார்ந்த' என்றே எழுதுகிறார்கள்.

அரிசியில் கல் பொறுக்கும்போது அப்பாயி தட்டை வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிக்கிறாரென்றால், அது கண்ணின் வில்லை மங்கியதால். அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.