நண்பர்களோடு ஆன்லைனில் படம் பார்க்கும்போது சத்தம் சரியாகப் போவதில்லை. கணினியில் எதை எப்படி மாற்றுவது?

நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: வீடியோ காலில் திரையைப் பகிர்ந்து படம் போடுகிறீர்கள், படம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் வசனம் விட்டுவிட்டுக் கேட்கிறது, பாட்டு வந்தால் அமுங்கிப்போகிறது, நண்பர்கள் பேசினால் அவர்கள் குரலே அவர்களுக்குத் திரும்பி வருகிறது. உங்கள் கணினியிலோ இணையத்திலோ கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. படத்தின் சத்தம் மைக் வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

எங்கள் கதையும் இதேதான். 2020 ஊரடங்கில் ஆரம்பித்த பழக்கம், ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்த நான்கு பேர். நான் மதுரை, ஒருவன் கோவை, ஒருவன் தோஹா, ஒருவன் சிங்கப்பூர். சனிக்கிழமை ராத்திரி நமக்கு 9.30 என்றால் தோஹாக்காரனுக்கு மாலை 7, சிங்கப்பூர்க்காரனுக்கு நள்ளிரவு 12. அவன் பாவம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நானோ லேப்டாப் ஸ்பீக்கரில் படத்தை அலறவிட்டு, அதே லேப்டாப்பின் மைக் அதைப் பிடித்து அவர்களுக்கு அனுப்பிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பத்தே நிமிடம். "மாப்ள, பாட்டு கிணத்துக்குள்ள இருந்து வருதுடா" என்றான்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், வீடியோ கால் ஆப்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஸ்பீக்கரில் போன சத்தமே மைக்கில் திரும்பி வருகிறது என்று தோன்றினால் அதை எதிரொலி என்று கழிக்கப் பார்க்கும். பேச்சு மாதிரி இல்லாத சத்தத்தை இரைச்சல் என்று அமுக்கும். மின்விசிறிச் சத்தத்துக்கு இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் வயலினும் அதற்கு மின்விசிறிதான்.

ஆகவே படத்தின் சத்தத்துக்கு ஒரு வழி, உங்கள் குரலுக்கு ஒரு வழி என்று பிரித்துவிட வேண்டும். பெரும்பாலான ஆப்களில் இதற்கு ஒரு டிக் போட்டால் போதும், அது எங்கே இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஜூமில் ஷேர் ஸ்க்ரீன் அழுத்தியதும் வரும் பெட்டியின் கீழே 'ஷேர் சவுண்ட்' என்று இருக்கும், அதையும் பக்கத்திலேயே இருக்கும் வீடியோவுக்கான 'ஆப்டிமைஸ்' டிக்கையும் போடுங்கள் (இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் மீட்டிங் முடிந்துவிடும், இடைவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள்). கூகுள் மீட்டில் முழுத் திரையைப் பகிராமல் க்ரோமின் ஒரு டேபை மட்டும் பகிருங்கள், அந்த டேபின் ஆடியோவையும் சேர்த்துப் பகிரும் பொத்தான் அங்கேயே இருக்கிறது. கணினியில் இருக்கும் எம்பி4 கோப்பை அப்படியே க்ரோமுக்குள் இழுத்துப் போட்டால் அது டேபிலேயே ஓடும், ஆனால் சில எம்கேவி கோப்புகளில் படம் மட்டும் வந்து ஒலி வராது, உள்ளே இருக்கும் ஏசி3 என்ற ஒலி வடிவத்தை க்ரோம் படிக்காததுதான் காரணம். விண்டோஸில் டிஸ்கார்ட் என்றால் முழுத் திரைக்குப் பதில் படம் ஓடும் விஎல்சி பிளேயரின் ஜன்னலை மட்டும் பகிருங்கள், அந்த ஜன்னலின் ஒலி மட்டும் போகும், நண்பர்களின் குரல் அதில் கலக்காது.

பகிர்கிற ஆளும் பார்க்கிற ஆட்களும் எல்லோருமே ஹெட்போன் போட வேண்டும். ஒருவன் ஸ்பீக்கரில் கேட்டாலும் போச்சு, அவன் மைக் வழியாகப் படம் அரை நொடி தாமதமாக எல்லோர் காதிலும் இரண்டாம் முறை ஓடும். யார் அந்த ஆள் என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவராக மைக்கை அணைத்துப் பாருங்கள். யார் அணைத்ததும் எதிரொலி நிற்கிறதோ அவன்தான். எங்கள் கூட்டத்தில் அது எப்போதும் தோஹாதான்.

அந்த ஹெட்போன் ப்ளூடூத்தாக இருந்தால் இன்னொரு வில்லங்கம் வரும், இதில்தான் நான் இரண்டு சனிக்கிழமைகளைத் தொலைத்தேன். புதிதாக வாங்கிய ப்ளூடூத் ஹெட்போன், தனியாகப் பாட்டுக் கேட்டால் அருமை, வீடியோ காலில் சேர்ந்த நொடியில் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். பொருள் மட்டம் என்று திருப்பி அனுப்பவே கிளம்பிவிட்டேன். விஷயம் என்னவென்றால், ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்க ஒரு முறை, பேச ஒரு முறை என்று இரண்டு இருக்கிறது. ஹெட்போனின் மைக்கை எந்த ஆப் திறந்தாலும் அது பேசும் முறைக்கு இறங்கிவிடும், அப்புறம் ஸ்டீரியோ கிடையாது, தரமும் போன் கால் தரம்தான். தீர்வு சுலபம்: கேட்பதற்கு மட்டும் ப்ளூடூத்தை வைத்துக்கொண்டு, ஆப்பின் செட்டிங்ஸில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 300 ரூபாய் வயர் இயர்போன் போதும். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

விண்டோஸில் ஒளிந்திருக்கும் இன்னொன்று. நண்பன் பேச ஆரம்பித்ததும் படத்தின் சத்தம் தானாகக் குறைகிறதா? பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு டேப் இருக்கும். யாராவது காலில் இருந்தால் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைத்துவிடு என்பது அங்கே முன்பே தேர்வாகி இருக்கும், அதை 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள். டிஸ்கார்டிலும் இதே வேலையைச் செய்யும் 'அட்டென்யுவேஷன்' என்ற அமைப்பு உண்டு, அதைப் பூஜ்ஜியத்துக்கு இழுங்கள்.

சரி, ஒலியைப் பகிர வசதியே இல்லாத ஆப்பில் மாட்டிக்கொண்டால்? அப்போதுதான் விர்ச்சுவல் கேபிள் வேண்டும். விண்டோஸுக்கு விபி-கேபிள் என்ற மென்பொருள், கணினிக்குள்ளேயே ஒரு ஆடியோ வயர் இழுத்த மாதிரி. ஒரு முனையில் படத்தின் சத்தத்தை விட்டால் மறுமுனையில் அது மைக் மாதிரி வரும். பெயர்கள்தான் குழப்பும்: ஸ்பீக்கர் பட்டியலில் தெரிவது 'கேபிள் இன்புட்', மைக் பட்டியலில் தெரிவது 'கேபிள் அவுட்புட்'. தலைகீழாக இருக்கிறதே என்று அரை மணி நேரம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். கேபிளின் பக்கத்திலிருந்து பாருங்கள், அதற்குள் போவது இன்புட், அதிலிருந்து வருவது அவுட்புட்.

ஆனால் கேபிள் மட்டும் போட்டால் படம் போகும், உங்கள் குரல் போகாது. இரண்டையும் கலக்க, விபி-கேபிளைச் செய்த அதே ஆட்களின் வாய்ஸ்மீட்டர் பனானா வேண்டும். திறந்ததும் விமானி அறை மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். ஏ1 என்றால் உங்கள் காதுக்கு, பி1 என்றால் நண்பர்களுக்கு, அவ்வளவுதான். விண்டோஸின் ஸ்பீக்கராக வாய்ஸ்மீட்டர் இன்புட்டை வையுங்கள், படம் அதற்குள் வரும், அந்த வரிசையில் ஏ1, பி1 இரண்டையும் அழுத்துங்கள். மைக் வரிசையில் பி1 மட்டும், இல்லாவிட்டால் உங்கள் குரலே உங்கள் காதில் விழும். கால் ஆப்பில் மைக்காக வாய்ஸ்மீட்டர் அவுட்புட், ஸ்பீக்கராக நேரே ஹெட்போன். இந்தக் கடைசி ஒன்றை மறந்தால் நண்பர்களின் குரலும் படத்தோடு கலந்து அவர்களுக்கே திரும்பிப் போகும். நீங்கள் சொன்ன மூன்றாவது தொல்லை இப்படியும் வரும். மேக்கில் இதே வேலைக்கு ப்ளாக்ஹோல் இருக்கிறது, ஆடியோ மிடி செட்டப்பில் மல்டி-அவுட்புட் ஒன்று உருவாக்கிக்கொள்ள வேண்டும், ஆனால் அதன்பின் கீபோர்டின் வால்யூம் பொத்தான் வேலை செய்யாது, முன்கூட்டியே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

வசனம் கேட்கவில்லை என்று கூட்டி வைத்தால் சண்டைக் காட்சியில் காது கிழிகிறது என்பார்கள். விஎல்சியில் ஆடியோ எஃபெக்ட்ஸுக்குள் 'கம்ப்ரெஸர்' இருக்கிறது, அதை இயக்கினால் இரண்டும் ஓரளவு ஒரே மட்டத்துக்கு வரும்.

எல்லாவற்றையும் போனில் சோதித்துப் பாருங்கள். படம் போடுவதற்கு முன் உங்கள் போனிலிருந்தே இன்னொரு ஆளாக காலில் சேர்ந்து, இயர்போன் மாட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்க் கேளுங்கள். ஒரே அறையில் இரண்டு மைக்கும் ஸ்பீக்கரும் திறந்திருந்தால் 'கூ' என்று அலறி வீட்டையே எழுப்பிவிடும்.

நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான தளங்களைத் திரையில் பகிர்ந்தால் சத்தம் வரும், படம் கறுப்பாகத்தான் போகும், அது நகல் பாதுகாப்பு, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். எல்லோரிடமும் கணக்கு இருந்தால் டெலிபார்ட்டி, எல்லோரிடமும் கோப்பு இருந்தால் சிங்க்ப்ளே. அவரவர் கணினியில் அவரவர் படம் ஓடும், ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும், பேச்சுக்கு மட்டும் தனியாக ஒரு கால். ஒலித்தரத்தில் மேலே சொன்ன எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது, நாங்களும் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கிறோம்.

வாய்ஸ்மீட்டர் வழியாகப் போகிறீர்கள் என்றால் ஆப்பின் நாய்ஸ் சப்ரஷனை, அதாவது இரைச்சலை அமுக்கும் அமைப்பை, அணைத்தாக வேண்டும், படம் மைக் வழியில்தானே போகிறது, விட்டால் பாட்டை மறுபடி தின்றுவிடும். அணைத்த அன்று ராத்திரி நான் முறுக்கு கடித்தது சிங்கப்பூர் வரைக்கும் துல்லியமாகக் கேட்டிருக்கிறது.