நடு உறுப்பை ஏன் பிரிக்கிறோம்? காரணிப்படுத்தல்: கேள்வி பதில்

(மாறியை 'ய' என்று எழுதியிருக்கிறேன்.)

கேள்வி: 6ய² + ய − 12 என்ற கோவையில் 6ஐயும் −12ஐயும் பெருக்கி, −72ஐ இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். விடை வந்துவிடுகிறது. ஆனால் ஏன் பெருக்க வேண்டும்?

பதில்: பலர் கேட்காமலே விட்டுவிடும் கேள்வி. விடையிலிருந்து பின்னால் வருவோம். (3ய − 4)(2ய + 3) என்பதை விரித்தால் ய உள்ள உறுப்பு இரண்டு துண்டுகளாக வரும். ஒன்றின் கெழு 3 × 3 = 9, மற்றதன் கெழு −4 × 2 = −8. இந்த இரண்டையும் பெருக்கினால் −72. முதல் கெழு 3 × 2, மாறிலி −4 × 3. இவற்றைப் பெருக்கினாலும் −72. இரண்டு இடத்திலும் இருப்பவை அதே நான்கு எண்கள்தான், ஜோடிதான் மாறியிருக்கிறது. ஆகவே பெருக்கினால் −72, கூட்டினால் 1 வரும் எண்களைத் தேடுகிறோம்: 9, −8.

6ய² + 9ய − 8ய − 12
= 3ய(2ய + 3) − 4(2ய + 3)
= (3ய − 4)(2ய + 3)

−8யஐ முன்னால் எழுதினாலும் இதே விடைதான். நம்பிக்கை இல்லையென்றால் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

கேள்வி: எண்கள் சரியாக வருகின்றன, குறிதான் தவறுகிறது. உதாரணம்: ய² − 5ய − 24.

பதில்: மாறிலியின் குறியை முதலில் பாருங்கள். அது குறை என்றால் இரண்டு எண்களுக்கும் எதிரெதிர்க் குறி. பெரிய எண்ணுக்கு நடு உறுப்பின் குறி. எனவே −8, +3. விடை (ய − 8)(ய + 3). மாறிலி மிகை என்றால் இரண்டுக்குமே நடு உறுப்பின் குறிதான்.

கேள்வி: 2ய² + 10ய + 12ஐ 2ஆல் வகுத்து (ய + 2)(ய + 3) என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது. சமன்பாட்டில் இப்படி வகுக்கிறோமே?

பதில்: சமன்பாட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டையும் வகுக்கலாம். கோவைக்கு மறுபக்கம் ஏது? ய = 1 என்று போட்டால் உங்கள் வினா 24 தருகிறது, விடை 12 தருகிறது. 2ஐ வெளியே எடுத்து வையுங்கள், தூக்கி எறியாதீர்கள்: 2(ய + 2)(ய + 3). நானும் இதில் மதிப்பெண் இழந்தவன்தான்.

கேள்வி: ய² + 3ய + 5க்கு அரை மணி நேரம் எண் தேடினேன். கிடைக்கவில்லை.

பதில்: கிடைக்காது. தேடும் முன் தன்மைகாட்டியைக் (நடுக் கெழுவின் வர்க்கம் − 4 × முதல் கெழு × மாறிலி) கணக்கிடுங்கள்: 3² − 4 × 1 × 5 = −11. குறை எண் வந்தால் மெய்யெண்களில் காரணியே இல்லை. கெழுக்கள் முழு எண்களாக இருந்து, தன்மைகாட்டி முழு வர்க்கமாக வந்தால் மட்டுமே முழு எண் காரணிகள் அமையும். ய² + 4ய + 1க்கு 12 வருகிறது. அதனால் (ய + 2 + √3)(ய + 2 − √3) என்று மூலக்குறியோடுதான் பிரியும்.

கேள்வி: ய² + 9 = (ய + 3)² தானே?

பதில்: இல்லை. விரித்துப் பாருங்கள், நடுவில் 6ய வந்து நிற்கும்.